விலையைச் சொல்லிவிட்டு விருப்பத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் லேனில் ஆக்கள் இருக்கிற 38 வீட்டுக் கதவுகளிலும் சிவப்புப் பெயின்டால் இலக்கம் எழுதிவிட்டுப் போய் ஏழு கிழமையாகிறது. எங்கள் கதவில் 17. அது எங்கள் வீட்டு இலக்கம் இல்லை. என்ன தம்பி இது என்று கேட்டேன், "சர்வேக்கு அங்கிள், ஒன்றும் யோசிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் அடுத்த கதவுக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லி வேலையில்லை, சொன்ன வேலையைச் செய்தான். ஆனால் அன்று இரவு பன்னிரண்டு மணி தாண்டியும் லேன் முழுக்க லைட் எரிந்தது. எல்லார் வீட்டிலும் அலுமாரியைத் திறந்து பழைய கடதாசிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடுகளை எடுத்து மாடிக் கட்டடம் கட்டுகிற திட்டம் பற்றியது இந்தக் கடிதம், கொஞ்சம் நீளம். முடிந்தால் வெட்டாமல் போடுங்கள், ஏனென்றால் கொழும்பு வடக்கிலும் மத்தியிலும் எங்களைப் போல எத்தனையோ லேன்களில், தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்புகளில் இதே பெயின்ட் இலக்கத்தோடு ஆக்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேன் இப்படியே இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் விடாமல் மழை பெய்தால் கானில் இருக்கிற தண்ணீர் எங்கள் வாசல் படியில் ஏறும். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த அன்று ஆம்புலன்ஸ் உள்ளே வர இடமில்லாமல், அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் மெயின் ரோட் வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்ல வீடு, அகலமான பாதை, ஒழுங்கான கழிவறை எல்லாம் எங்களுக்கும் வேண்டும். அதனால்தான் புனரமைப்புத் திட்டம் வருகிறது, கலந்துரையாடலுக்கு வாருங்கள் என்று துண்டு வந்தபோது லேனில் வீட்டுக்கு ஒருவராவது போனோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, பாடசாலை மண்டபம். ஒரு மணித்தியாலம் படம் காட்டினார்கள். மாடிக் கட்டடம், முன்னால் மரம், பிள்ளைகள் விளையாடுகிற இடம். பேசினதில் பாதி சிங்களம், பாதி ஆங்கிலம். கடைசிப் பத்து நிமிடம் ஒரு மிஸ் தமிழில் சுருக்கிச் சொன்னார், அவர் நல்ல மாதிரி, ஆனால் அவருக்கே விவரம் முழுக்கத் தெரியவில்லை. அப்புறம் படிவம் கொடுத்தார்கள். இரண்டு பக்கம், முழுக்கச் சிங்களத்தில். என் மகள் வாசித்துச் சொன்னாள்: இத்திட்டத்துக்கு எனது பூரண விருப்பத்தைத் தெரிவிக்கிறேன், எனது உரிமையைக் கையளிக்கச் சம்மதிக்கிறேன் என்று இருக்கிறது. கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து.

"இதில் விலை எங்கே சேர்?" என்று கேட்டேன்.

"விலை எல்லாம் பிறகு. முதலில் விருப்பமா இல்லையா, அதைச் சொல்லுங்க."

இதை நான் ஏழு கிழமையாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். மீன் வாங்கப் போனால்கூட கிலோ எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டுகிறோம். ஐம்பது வருடம் இருந்த வீட்டை விலை தெரியாமல் எப்படிக் கொடுப்பது? என்ன கிடைக்கும், எங்கே கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஒருவரிடம் வாங்குகிற சம்மதம் சம்மதம்தானா? அந்தக் கூட்டத்தில் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து ஏன் போட்டீர்கள் என்று கேட்டால், "போடாட்டி லிஸ்டில பேர் வராதாம்" என்கிறார்கள். அப்படி யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் வீடுகள் ஒரு பொது நிறுவனத்துக்குச் சொந்தமானவை. அதன் பெயரை நான் எழுதவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிற நேரத்தில் வீண் பகை வேண்டாம். அப்பா 1971இல் மாத வாடகைக்கு வந்தார். 1998இல், வாடகை பாக்கி இல்லாமல், ஒரு தொகையை மொத்தமாகவும் கட்டக் கூடியவர்களுக்கு 30 வருடக் குத்தகை எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவின் இரண்டு வளையலையும் செட்டியார் தெருவில் விற்றுத்தான் அந்தப் பணத்தைக் கட்டினோம். லேனில் 21 வீட்டுக்குக் குத்தகைப் பத்திரம் இருக்கிறது. மிச்சப் பேர் அந்த நேரம் பணம் திரட்ட முடியாமல் மாத வாடகையிலேயே நின்றுவிட்டார்கள்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம், அதாவது பொதுத் தேவைக்கு அரசாங்கம் காணி எடுக்கிற சட்டம், நட்டஈடு கேட்கக் கூடியவர் யார் என்று ஒரு வரைவிலக்கணம் வைத்திருக்கிறது. சொந்தக்காரர், கூட்டுச் சொந்தக்காரர், ஈடு பிடித்தவர், குத்தகைக்காரர் எல்லாரும் அதற்குள் வருவார்கள். மாத வாடகைக்கு இருப்பவர் வரமாட்டார், அப்படியென்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. எதிர்வீட்டு ஆச்சி மலிபன் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். உள்ளே 1974இலிருந்து வாடகை ரசீதுகள், ஆண்டு வாரியாக ரப்பர் பட்டி போட்டு. சில பட்டிகள் உக்கிப்போய்க் கடதாசியோடு ஒட்டிக்கிடந்தன. "ஒரு மாசம் தப்பினதில்ல தம்பி, பாருங்க" என்றார். பார்த்தேன், உண்மைதான். ஐம்பது வருடம் ஒரு மாதம்கூடத் தப்பாமல் கட்டியவர் சட்டத்தின் கண்ணில் மாத வாடகைக்காரர், இருபத்தெட்டு வருடத்துக்கு முந்திப் பணம் புரட்ட முடிந்த நான் உரித்துள்ளவர். அவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ரசீதுகளைத் திரும்ப அடுக்கிக் கொடுத்தேன்.

2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மீள்குடியேற்றக் கொள்கை ஒன்று இருக்கிறது, அபிவிருத்திக்காக விருப்பமில்லாமல் இடம்பெயர வேண்டி வருகிறவர்களுக்கானது. காணி உறுதிப் பத்திரம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களோடு கலந்து பேச வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அது கொள்கை. ஆச்சியின் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால் சட்டம் எது என்றுதான் கேட்பார்கள்.

சரி, குத்தகைக்காரன் நான், எனக்காவது நிம்மதி இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. என் குத்தகை 2028இல் முடிகிறது. இதைப் புதுப்பித்துத் தாருங்கள் என்று நான்கு வருடத்துக்கு முன்பே அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை நினைவூட்டல் அனுப்பினேன், நேரில் போனேன். கடைசியில் ஒரு உத்தியோகத்தர், "அந்தப் பக்கம் திட்டம் வரப்போகுது, இப்ப ஒண்ணும் புதுப்பிக்க மாட்டாங்க" என்று வாயால் சொன்னார், எழுத்தில் தரவில்லை. இப்போது கூட்டத்தில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? உங்கள் குத்தகையில் மிச்சம் இருப்பது கொஞ்சக் காலம்தான், அதனால் உங்கள் உரிமைக்குப் பெறுமதி குறைவு என்கிறார்கள். திட்டம் வருகிறது என்று சொல்லிப் புதுப்பிக்காமல் விட்டவர்களும் அவர்கள்தான், புதுப்பிக்காததால் பெறுமதி இல்லை என்று சொல்பவர்களும் அவர்கள்தான். எனக்குக் கோபம் வந்தது, அந்த இடத்தில் காட்டவில்லை, இங்கே எழுதுகிறேன்.

இதைவிட மோசமானது, கலந்துரையாடலுக்கு முன்பே திட்டக்காரர்கள் வீடுகளை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். லேன் வாசலில் இருக்கிற ஆறு வீட்டுக்காரரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசி, போன வருடக் கடைசியிலேயே எழுதி வாங்கிவிட்டார்கள். யாருக்கு எவ்வளவு என்று மற்றவருக்குச் சொல்லக் கூடாது என்று சொன்னார்களாம். அவர்கள் போனது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், ஒருவருக்கு மகளின் கல்யாணம், இன்னொருவருக்குக் கடன். ஆனால் அந்த ஆறு வீட்டுக்கும் என்ன செய்தார்கள்? கூரைத் தகட்டையும் கதவு ஜன்னலையும் கழற்றி எடுத்துக்கொண்டு சுவரை அப்படியே விட்டுவிட்டார்கள். இங்கே இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். ஆறாவது வீட்டில் கூரை இல்லாததால் மழைத் தண்ணீர் சுவரில் இறங்கி, ஏழாவது வீட்டு அறைக்குள் ஊறுகிறது. நான் போய்க் கையை வைத்துப் பார்த்தேன், பெயின்ட் தோலாக உரிந்து கையோடு வருகிறது, உள்ளே சீமெந்து ஈரமாய் மாவு மாதிரி இருக்கிறது. அந்த வீட்டில் நாலு வயதுப் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. வெறும் வீட்டுக்குள் தேங்கிய தண்ணீரில் நுளம்பு, இரவில் போதைத்தூள்காரர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து நுளம்புக் குடம்பி இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார், யாருக்கு வழக்குப் போடுவது என்று அவருக்கும் குழப்பம்.

இப்போது ஏழாம் வீட்டுக்காரர் விற்கத் தயார் என்கிறார். அவருக்கு விருப்பம் வந்துவிட்டது என்று கணக்கில் எழுதுவார்கள். மதிப்பீட்டுக்கு வருகிறவர் ஈரச் சுவரைப் பார்த்துத்தான் விலை போடுவார். ஒவ்வொரு வீடாக வாங்கி, வெறுமையாக விட்டு, பக்கத்து வீட்டின் விலையை இறக்கி, அப்புறம் அதையும் வாங்குவது என்றால் அதற்கு ஏன் கலந்துரையாடல் என்று பெயர்?

என் அக்காவின் மகள் லண்டனில் இருக்கிறாள். அவர்கள் இருப்பது கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபை, கட்டின பிளட்ஸ், 125 வருடக் குத்தகையில் வாங்கினது. அங்கேயும் கட்டடத்தை உடைத்துப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று வந்திருக்கிறார்கள். போனில் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்துக்கொண்டேன். அங்கே 2018 ஜூலையிலிருந்து ஒரு விதி: மேயரின் நிதியில் சமூக வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேல் புது வீடுகள் கட்டுகிற திட்டமென்றால், குடியிருப்பாளரிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாடகைக்காரருக்கும் வாக்கு உண்டு, ஒரு வருடத்துக்குக் குறையாமல் அங்கேயே குடியிருக்கிற குத்தகைக்காரருக்கும் உண்டு. வாக்குப் போடுமுன் யாருக்கு என்ன கிடைக்கும் என்று அச்சடித்த புத்தகம் வீட்டுக்கு வரும். கட்டாயமாக வாங்குகிற கட்டம் வந்தால், சொந்த வீட்டில் குடியிருக்கிறவருக்குச் சந்தை விலைக்கு மேலே வீட்டை இழப்பதற்காக நூற்றுக்கு 10 வீதம், ஒரு உச்ச வரம்புக்குள், தனியாகக் கொடுக்க வேண்டும். உங்கள் பக்கத்து மதிப்பீட்டாளரை நீங்களே பிடிக்கலாம், நியாயமான கட்டணத்தைக் கவுன்சில் திருப்பித் தரும். முக்கியமாக, திட்டம் வருவதால் ஏறின விலையையும் இறங்கின விலையையும் கணக்கில் எடுக்காமல்தான் மதிப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த ஏழாம் வீட்டு ஈரச் சுவருக்கு இப்படி ஒரு சட்டம் இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன்.

அங்கேயும் எல்லாம் பாலும் தேனும் இல்லை, அதையும் அவளே சொன்னாள். கொடுக்கிற விலையில் அதே இடத்தில் கட்டுகிற புது பிளட்டை வாங்க முடியாமல் எத்தனையோ குத்தகைக்காரர் ஊர் மாறிப் போயிருக்கிறார்கள். தென் லண்டனில் ஐல்ஸ்பெரி என்ற தொடர்மாடியில் குத்தகைக்காரர் சிலர் விடாமல் நின்று போராடி, 2016இல் கட்டாயக் கொள்வனவுக்கு அமைச்சரே அனுமதி மறுத்தார். பிறகு அந்த முடிவு நீதிமன்றம் வரை போய்த் திரும்பப் பெறப்பட்டது, அது வேறு கதை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது, கேட்டதற்குப் பதில் எழுத்தில் வந்தது.

எங்கள் சட்டத்தில் ஒழுங்கே இல்லையா என்றால், இருக்கிறது. காணி தேவைப்படுகிறது என்று சொல்கிற, சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒட்டப்பட வேண்டும். 4ஆம் பிரிவில் ஆட்சேபனை சொல்லக் குறைந்தது 14 நாள் கொடுக்க வேண்டும். அப்புறம் உரிமை கோரல், விசாரணை, தீர்ப்பு, நட்டஈடு போதாது என்றால் மீளாய்வுச் சபை என்று படிப்படியாகப் போகிறது. இந்தப் படிகளைச் சுற்றிக்கொண்டு போவதற்குத்தான் "விருப்பத்தோடு விற்றார்கள்" என்ற படிவம் என்று எனக்குப் படுகிறது. விருப்பத்தோடு கொடுத்தால் சுவீகரிப்பே இல்லை, சுவீகரிப்பு இல்லையென்றால் விசாரணையும் இல்லை, மீளாய்வும் இல்லை. கையெழுத்துப் போடாமல் நின்றாலும் 38ஆம் பிரிவு இருக்கிறது, அவசரம் என்று சொன்னால் நட்டஈடு தீருமுன்பே காணியைக் கையேற்கலாம். அதனால்தான் ஆக்கள் பயந்து போடுகிறார்கள்.

கொழும்பு இதைப் பார்க்காத ஊரில்லை. 2001இல் பேஸ்லைன் வீதியில் சஹஸ்புர தொடர்மாடி எழுந்த காலத்திலிருந்து தோட்டங்களில் இருந்தவர்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது, அந்த மே மாதமே கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அப்புறம் நகரத்தில் 1,499 குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வசதி குறைவாக இருக்கின்றன என்று ஒரு கணக்கு வந்தது, அவர்களுக்கென்று கோபுரங்கள் எழுந்தன. ஏறினவர்களில் பலர், முன்னே உறுதியோடு வீடு வைத்திருந்தவர்களும் சேர்த்து, புது வீட்டுக்கு மாதம் 3,960 ரூபா என்று 20 வருடம் கட்ட வேண்டி வந்தது. இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, கொடுக்கப்பட்ட வீட்டுக்குக் கடன் கட்டுவது எந்தக் கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் கூட்டத்தில் இந்த மாதத் தவணை இருக்குமா என்று மூன்று பேர் கேட்டார்கள். பதில் வரவில்லை.

விலை என்றால் சுவரும் கூரையும் மட்டும் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மனைவி காலை மூன்றரைக்கு எழும்பி இடியப்பம் அவிக்கிறாள். ஐந்தரைக்குள் இரண்டு சாப்பாட்டுக் கடைக்குப் போக வேண்டும், மிச்சம் வாசலிலேயே விற்றுப்போகும், ஆறரைக்கு ஸ்கூல் வேன் வருகிற நேரத்தில் தட்டு காலி. அந்த வாசல்தான் எங்கள் கடை. பன்னிரண்டாம் மாடியில் லிப்ட் வேலை செய்யாத ஒரு காலையில் அந்தப் பெரிய அலுமினியச் சட்டியை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது, அங்கே கேஸ் அடுப்பில் அத்தனை இடியப்பத் தட்டு ஏற்ற விடுவார்களா, ஒன்றும் தெரியாது. காணியில் நடக்கிற தொழிலுக்கு வரும் நட்டத்தையும் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் கணக்குப் புத்தகம் கேட்பார்கள். இடியப்பக் கணக்கு அவள் மனதில்தான் இருக்கிறது. தையல் மெஷின் வைத்திருக்கிறவர், முச்சக்கரவண்டி நிறுத்துகிறவர், பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறவர், எல்லாருக்கும் இதே கதைதான். சர்வேக்கு வந்தவர்கள் சுவரை நாடாப் பிடித்து அளந்தார்களே தவிர, இந்த வீட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

என் மகள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டாள். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, வாங்கின ஆறு வீட்டுக்கும் எந்த அடிப்படையில் விலை போட்டார்கள், குத்தகை புதுப்பிப்பதை நிறுத்தச் சொன்ன கடிதம், இந்த மூன்றும் கேட்டாள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இருபது வேலை நாள் போய், "மதிப்பீடு இன்னும் நிறைவுபெறவில்லை" என்று ஒரு வரி வந்தது. மற்ற இரண்டுக்கும் பதிலே இல்லை. மேன்முறையீடு எழுதிவிட்டாள். வாசகர்களில் யாருக்காவது கதவில் இலக்கம் விழுந்திருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள், விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். குத்தகைப் பத்திரம், வாடகை ரசீது, வரி கட்டின துண்டு, பழைய லைட் பில், ஒன்றையும் எறிய வேண்டாம், எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி எடுத்து வேறு வீட்டில் ஒரு கட்டாக வையுங்கள்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயமில்லை. படிவத்தைத் தமிழில் தாருங்கள், அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் விலையை எழுதித் தாருங்கள், புது வீடு என்றால் எந்த இடம், எத்தனை சதுர அடி, உறுதி எப்போது, மாதம் என்ன கட்ட வேண்டும் என்று எழுதுங்கள். எங்களுக்கு ஒரு மதிப்பீட்டாளரை வைத்துப் பார்க்க இரண்டு மாதம் தாருங்கள். குத்தகையை, திட்டமே வராதிருந்தால் புதுப்பித்திருப்பீர்கள் அல்லவா, அப்படிப் புதுப்பித்ததாக வைத்து மதிப்பிடுங்கள். ஆச்சி போன்ற மாத வாடகைக்காரரையும் அதே மேசையில் உட்கார வைத்துப் பேசுங்கள், அவர்களை விட்டுவிட்டு எங்களுக்கு மட்டும் ஒரு விலை என்றால் எங்களுக்கு அது வேண்டாம், இதை லேனில் இருக்கிற குத்தகைக்காரர் பதினெட்டுப் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதுவரைக்கும் ஆறு வெறும் வீட்டுக்கும் ஒரு தகரக் கூரையாவது போட்டுத் தாருங்கள், மழைக்காலம் வருகிறது.

அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசி ஞாயிறு, அதே மண்டபம், மாலை நாலு மணி. உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி வைத்தால் பெரிய உதவியாக இருக்கும், வெளியாள் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தால் பதில் சொல்கிற விதமே மாறும். படிவத்தின் பிரதி ஒன்றையும், மகள் செய்த தமிழ் மொழிபெயர்ப்பையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
கதவில் 17 எழுதப்பட்ட வீட்டுக்காரர்,
கொழும்பு 14